சாம்பலியின் தலையைத் தூதர் கேட்டது குறித்துப் பேரரசருக்கு நீலவரை அரசி விடுத்த ஓலை

வேங்கைப்பூக் கொடி உயர்த்தியவரும், நீலவரை நாட்டு மலைகளுக்கும் சுனைகளுக்கும் உரியவருமான அரசி அல்லியங்கோதை, வளநகரில் செங்கோல் செலுத்தும் பேரரசர் மாறவேளார் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் ஆறுகள் வற்றாதிருக்க. தங்கள் களஞ்சியங்கள் நிறைந்திருக்க. தங்கள் குடிகள் நோயறியாதிருக்க.

சென்ற மாரியில் வெள்ளைக் கழிச்சல் நோய் எம் கோழிகளையெல்லாம் கொண்டுபோனதையும், அரண்மனைப் பின்முற்றத்தில் சாம்பலி என்னும் ஒரு பெட்டை மட்டும் பிழைத்ததையும் கேட்டு, தாங்கள் மனமிரங்கி மூன்று பெட்டைகளைத் தூதர் கோளரியாரிடம் அனுப்பினீர்கள். அவ்வன்பை யாம் மறவோம். அதன்பின் நிகழ்ந்ததைத் தூதர் தம் விருப்பப்படி உரைத்திருப்பார். யாம் நடந்தபடி உரைக்கின்றோம்.

கூடைகள் வந்திறங்கியபோது யாமே முற்றத்தில் இருந்தோம். நோயின் அச்சம் எமக்கு இன்னும் ஆறவில்லை. ஆதலால் புதியவற்றைச் சில நாள் தனிக்கொட்டிலில் வைத்து, நோயில்லை என்று தெளிந்தபின் நடுவே மூங்கில் தட்டி நிறுத்தி, ஒன்றையொன்று கண்டு பழகவிட்டுப் பின்னரே சேர்ப்போம் என்றோம். தூதர் இசையவில்லை. பேரரசர் கொடை தட்டிக்குப் பின்னால் காத்து நிற்பதா என்று சினந்து, தம் கையாலேயே கூடைகளைக் கவிழ்த்தார்.

பல திங்களாகத் தன் இனத்தின் குரலே கேளாமல் அம்முற்றத்தில் தனியே இரை பொறுக்கிய உயிர் சாம்பலி. புதியவை தன் தீனியில் வாய்வைத்ததும் கழுத்திறகைச் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தது. இளைய செம்பெட்டையின் கொண்டை கிழிந்து இரத்தம் வடிந்தது. யாம் ஓடிச்சென்று மேலாடையால் சாம்பலியை மூடி எடுத்தோம். அரச கொடையின் இரத்தம் சிந்திய கோழியின் தலையை வளநகருக்கு அனுப்புக என்றும், மறுத்தால் உப்பு வண்டிகள் இனி மலையேறா என்றும் தூதர் ஆணையிட்டார்.

அருகே நின்ற எம் மடைப்பள்ளிப் பெண் சடைச்சி அதற்குச் சொன்னதை, அவள் பேச்சிலேயே எழுதுகின்றோம்: "கோழி என்னய்யா பண்ணும்? கூடையக் கவுத்தது நீங்க. திருகணும்னா அந்தக் கையத் திருகுங்க!" தூதர் அவளையும் கட்டிக் கொடுக்கச் சொன்னார். யாம் கொடுக்கவில்லை. அவர் வெகுண்டு வெளியேறினார்.

பிறகு முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தோம். செம்பெட்டைக்கு மஞ்சள் பற்றிட்டோம். தட்டி நிறுத்தி, இருபுறமும் தீனி வைத்தோம். தொடக்கத்தில் சாம்பலி தட்டியையே கொத்தியது. பின்னர் அதன் அருகிலேயே படுத்துறங்கலாயிற்று. தட்டியை எடுத்த அன்று சில கொத்துகள் விழுந்தன, இரத்தம் இல்லை. இன்று காலை செம்பெட்டை சாம்பலியின் பக்கத்தில் குழிபறித்து மண்ணில் புரண்டுகொண்டிருந்தது. யாம் நெடுநேரம் பார்த்து நின்றோம்.

ஒரு கோழிக்காகவா இத்தனை வீம்பு என்று தாங்கள் வினவலாம். எம் முற்றத்தில் எவ்வுயிர் வாழ்வது என்று தங்கள் தூதர் தீர்க்க ஒருமுறை இசைந்தால், அடுத்து மனிதரைக் கேட்பார். அன்றே கேட்டும் விட்டார். குடிகளைக் கூட்டி இதைச் சொன்னோம். உப்பில்லாக் கஞ்சி குடிப்போம், தலை கொடுக்க வேண்டாம் என்றனர். யாமும் அவர்களோடு அதையே குடிப்போம். உப்புப் பாதை தங்களுடையது, அடைப்பதானால் அடையுங்கள்.

வேங்கைப்பூப் பொறியை எம் கையால் ஒற்றி விடுக்கும் ஆணையாவது: சாம்பலியின் தலை வாராது, சடைச்சியும் வாராள். கோளரியார் இனி எம் கணவாய் கடக்கலாகாது. பேரரசர் தாமே எழுந்தருளினால் வழியெங்கும் தோரணம் கட்டுவோம். படையோடு எழுந்தருளினால், கணவாயின் நடுவில் யாமே நிற்போம்.