வீட்டுக்காரர் வீட்டில் இருக்க வேண்டும்

மார்ச் 4

மகளின் அப்பாவுக்கு,

நலம்தானே? நான் நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் அனுதாபம் தேடுகிறேன் என்பீர்கள். அதனால் அந்த வரியையே விட்டுவிடுகிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் நாம் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடும். கடிதத்தில் சண்டை போட தபால்தலை வாங்கப் போக வேண்டும், அதற்குள் கோபம் ஆறிவிடும்.

என் கை நடுக்கம் பற்றி நம் மகள் வாலு சொல்லியிருப்பாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற அவ்வளவு பெரிய மனுஷியை இன்னும் வாலு என்று கூப்பிடுவது நாம் இரண்டு பேர்தான். நாம் ஒத்துப்போகிற விஷயம் அது ஒன்றுதான். நடுக்கம் இப்போது கையோடு நிற்கவில்லை. சலவைக் கடையைப் பூட்டிவிட்டேன். சூடான இஸ்திரிப் பெட்டியும் கையுமாக நடுங்கிக்கொண்டு நின்றால் ஊரார் சட்டை என்ன ஆவது? டாக்டர், "இனிமே தனியா இருக்கக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டார்.

இதற்கு அரசு உதவி உண்டாம். வாலு என்னை ஒரு வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனாள். வயதானவர்களின் சொத்து, உதவித்தொகை, உயில் இதெல்லாம்தான் அந்த அம்மாவின் வேலை. தங்கமான மனுஷி. ஆனால் அவர் சொன்னதில் பாதி என் மண்டையில் ஏறவில்லை, ஏறிய பாதியும் வீடு வந்து சேர்வதற்குள் இறங்கிவிட்டது. எனக்குப் புரிந்தது இதுதான். வீடு என் சொத்து என்று கணக்கில் வந்தால் உதவி கிடையாது. வீட்டை விற்று, அந்தப் பணத்தைச் செலவழித்துத் தீர்த்துவிட்டு வா என்பார்கள். கணக்கில் வராமலிருக்க ஒரே வழிதான். "வீட்டுக்காரர் வீட்ல இருக்கணும். இருந்தா வீட்டைத் தொடமாட்டாங்க" என்றார். மறந்துவிடக் கூடாதே என்று அதை மட்டும் பேருந்தில் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பக்கத்து இருக்கைக்காரி நான் ஜெபம் செய்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

அதனால் கேட்கிறேன். நீங்கள் வந்து வீட்டில் இருக்க முடியுமா? அந்த வீட்டைத் தவிர வாலுவுக்கு விட்டுப்போக என்னிடம் வேறொன்றும் இல்லை. மற்ற விவரமெல்லாம் அவள் சொல்லியிருப்பாள். பவர் எழுதுகிற வேலை ஒன்று பாக்கி இருக்கிறது, அதை அடுத்த வாரம் முடித்துவிடுவேன்.

இப்படிக்கு,
மகளின் அம்மா


மார்ச் 13

மகளின் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முதலில் அந்தப் பவர் விஷயம். என்ன அவசரம் உனக்கு? வாழ்நாளெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருக்கிறவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, வேறு எவனிடமோ போய்ப் பவர் எழுதி வாங்கப்போகிறாயா? உன் பவர் எனக்கு மனப்பாடம். உனக்கு இடது கண் கொஞ்சம் மோசம். அதனால்தான் இடது பக்கம் யார் வந்து நின்றாலும் உனக்குக் கோபம் வரும். பொறு, நானே செய்து கொண்டுவருகிறேன்.

வாலு ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால், "அம்மா எழுதுவாங்கப்பா, நான் நடுவுல வரலை" என்றாள். நீயோ அவள் சொல்லியிருப்பாள் என்கிறாய். நன்றாக இருக்கிறது கூத்து.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வீட்டுக்காரர் வீட்டில் இருக்க வேண்டும். வீடு யார் பெயரில்? உன் அப்பா உனக்கு எழுதிவைத்தது. அப்படியானால் வீட்டுக்காரி நீ. நீதான் வீட்டிலேயே இருக்கிறாயே! பிறகு நான் எதற்கு? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடையில் என்னோடு லென்ஸ் தேய்க்கிற கூட்டாளியிடம் காட்டினேன். அவன் படித்துவிட்டுச் சிரிக்கிறான். "அண்ணே, இதுல புரியாம இருக்க என்ன இருக்கு? அண்ணி உங்களைக் கூப்பிடறாங்க. நேரா கூப்பிட வாய் வரலை, சட்டத்தைச் சாக்கு வச்சிருக்காங்க" என்றான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் இந்த ஊருக்குக் கடை போட வந்தபோது, நீ பின்னாலேயே வந்துவிடுவாய் என்று நினைத்தேன். உன் சலவைக் கடையை விட்டு நீ நகரமாட்டாய், நான்தான் திரும்பி வருவேன் என்று நீ நினைத்தாய். இரண்டு பேருக்கும் வீம்பு அதிகம். யார் முதலில் கூப்பிடுவது என்று பார்த்துக்கொண்டே பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. இப்போது நீ கூப்பிட்டுவிட்டாய். இந்த வயதில் இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கடையைக் கூட்டாளி பார்த்துக்கொள்வான். இங்கே தங்கியிருக்கிற வாடகை அறையைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன். எனக்கு எந்த அறை என்று மட்டும் எழுது. முன்பைவிட இப்போது அதிகமாகக் குறட்டை விடுகிறேன், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

இப்படிக்கு,
மகளின் அப்பா


மார்ச் 20

மகளின் அப்பாவுக்கு,

ஐயோ, என்ன காரியம் செய்தீர்கள்! அறையைக் காலி செய்துவிட்டீர்களா?

நான் வீட்டில் இருக்கமாட்டேன். அடுத்த மாதம் முதல் தேதி நான் பராமரிப்பு இல்லத்துக்குப் போகிறேன். இதைத்தான் வாலு சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். அரசு உதவி அந்த இல்லத்துக்கான செலவுக்குத்தான். நான் போய்விட்டால் வீடு காலி. காலி வீடு என்றால் சொத்துக் கணக்கு. அதில் கணவனோ மனைவியோ குடியிருந்தால்தான் கணக்கில் வராது. வக்கீலம்மா வீட்டுக்காரர் என்று சொன்னது வீட்டுச் சொந்தக்காரரை இல்லை. உங்களை. என் வீட்டுக்காரரை! இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. எத்தனை வருஷம் கழித்து அந்த வார்த்தையை எழுதுகிறேன், அதுவும் எதற்காக என்று பாருங்கள்.

பவரும் கண்ணுக்கு இல்லை. எனக்கு முடியாமல் போனால் எனக்காகக் கையெழுத்துப் போடுகிற அதிகாரத்தை வாலுவுக்கு எழுதிக் கொடுப்பதற்குப் பெயரும் பவர்தானாம். ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம் வைத்தால் இவர்களுக்கு என்ன குறைந்துபோகும்?

நான் சும்மா இருக்கவில்லை, திரும்பவும் போய்க் கேட்டேன். "வீட்டை இப்பவே பொண்ணு பேருக்கு எழுதிட்டா?" என்றேன். "அது இன்னும் மோசம்மா. உதவி வாங்கறதுக்காகவே கைமாத்தினீங்கன்னு எடுத்துப்பாங்க. பல வருஷத்துக்கு உதவி கிடைக்காது" என்றார். வைத்திருந்தாலும் தப்பு, கொடுத்தாலும் தப்பு. வாலு வந்து குடியிருக்கலாம் என்றால், பிள்ளைகள் குடியிருந்தால் செல்லாதாம். மேலும் அவள் பேருந்து வேறு ஊரில் ஓடுகிறது. ஆக, சட்டத்துக்குத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

ராத்திரி ஒரு ஆள் இல்லாமல் வீட்டில் இருக்க முடியாது என்பதால்தான் இல்லத்துக்குப் போகிறேன். அந்த ஆளாக உங்களைக் கேட்கலாமே என்று வாலு சொன்னாள். வேண்டாம் என்றேன். நான் கரண்டி பிடிக்கிற லட்சணத்தை நீங்கள் பார்க்க வேண்டாம். பாதி வாய்க்குப் போகிறது, பாதி புடவைக்குப் போகிறது.

நான் கூப்பிட்டது உங்களை வீட்டுக்கு, என்னிடம் இல்லை. வர மனமில்லை என்றால் வர வேண்டாம். கோபித்துக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு. சாவி பக்கத்துத் தையல்காரரிடம் இருக்கும்.

இப்படிக்கு,
மகளின் அம்மா


ஏப்ரல் 9

மகளின் அம்மாவுக்கு,

கடிதத்தின் மேலே அனுப்புநர் முகவரியைப் பார்த்தாயா? உன் வீட்டு முகவரி. எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

கோபம் வந்தது உண்மை. கூட்டாளியிடம் ஊருக்குப் போகவில்லை என்றுகூடச் சொல்லிவிட்டேன். ஆனால் வீடு போனால் வாலுவுக்கு ஒன்றும் இல்லையே. அதனால் வந்தேன். நீ கிளம்பின பேருந்தும் நான் வந்த பேருந்தும் எங்கேயோ நடுவழியில் எதிரெதிராகப் போயிருக்கும் போலிருக்கிறது.

வீடு எனக்குப் பிடிபடவில்லை. குழாயை இடதுபக்கம் திருப்பினால் தண்ணீர் வருகிறது, மூடவும் இடதுபக்கமே திருப்ப வேண்டியிருக்கிறது. விளக்கு பொத்தானை அழுத்தினால் மின்விசிறி சுற்றுகிறது. இஸ்திரி மேசையைத் தவிர உட்கார்ந்து எழுத இடமில்லை, அதில்தான் எழுதுகிறேன். யாரோ ஒருவர் வந்து இஸ்திரிக்குக் கால்சட்டையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். கடை மூடிவிட்டது என்றால், "நீங்க யாரு?" என்கிறார். "வீட்டுக்காரர்" என்றேன். "ஓ, வீட்டை வித்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். தலையில் அடித்துக்கொண்டேன்.

நேற்று உதவித்தொகை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். நான் நிஜமாகவே குடியிருக்கிறேனா என்று பார்க்க. சட்டை, பல் துலக்கும் பிரஷ், படுக்கை எல்லாவற்றையும் பார்த்தார். அப்புறம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, "இத்தனை வருஷமா தனித்தனியா இருந்திருக்கீங்களே, நீங்க பிரிஞ்சவங்கதானே? பிரிஞ்சவங்கன்னா இந்தச் சலுகை கிடையாது" என்றார்.

வீடு இந்த ஒரு பதிலில் போய்விடும் போலிருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். "பிரியலைங்க. சண்டைல இருக்கோம். சண்டை இன்னும் முடியலை" என்றேன். "அப்படின்னா?" என்றார். "பிரிஞ்சவங்களுக்குச் சண்டை ஏதுங்க? புருஷன் பொண்டாட்டிக்குத்தானே சண்டை?" என்றேன். அவர் பேனாவை எடுத்தார். "எங்க வீட்லயும் நடக்குது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். வீடு தப்பித்தது. அவருடைய கண்ணாடியின் தளர்ந்த காதுக்கம்பியை நான் முறுக்கிக் கொடுத்தேன், அது வேறு விஷயம்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் ஒன்று கேட்டார். "ராத்திரிக்கு நீங்க இருக்கீங்க. பகல்ல உதவிக்கு ஆளை நாங்களே அனுப்புவோம், அதுக்கும் திட்டம் இருக்கு. அப்புறம் அம்மா எதுக்கு இல்லத்துல இருக்காங்க?" கரண்டி விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை.

நான் எதையும் கேட்கவில்லை. தகவல் சொல்கிறேன், அவ்வளவுதான். உனக்குக் கண்ணாடி செய்து வைத்திருக்கிறேன். கை நடுங்கினாலும் ஒரு கையால் மாட்டிக்கொள்ளலாம், காதுக்குப் பின்னால் நன்றாக வளைத்திருக்கிறேன். அனுப்பட்டுமா, இங்கேயே இருக்கட்டுமா?

இப்படிக்கு,
மகளின் அப்பா


ஏப்ரல் 18

உங்களுக்கு,

எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். பரவாயில்லை, கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். வாலுவை எழுதச் சொல்லலாம், ஆனால் இதை அவளைக் கொண்டு எழுத முடியாது.

இந்த இல்லத்தில் எல்லாரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் வந்து, "பாட்டி, ஆ காட்டுங்க" என்கிறாள். எனக்கு அழுகை வருகிறது. அவள் மேல் தப்பில்லை.

வக்கீலம்மா வந்தார். அதிகாரி சொன்ன திட்டம் உண்மைதானாம். நான்தான் முதல் நாளே, வீட்டில் ராத்திரிக்கு யாரும் கிடையாது, வரவும் மாட்டார்கள் என்று அடித்துச் சொல்லிவிட்டேனாம். அதனால் அவர் அந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசவே இல்லையாம். இது சட்டத்தின் குழப்பம் இல்லை, என் வாயின் குழப்பம்.

உயிலும் எழுதியாகிவிட்டது. வீடு வாலுவுக்கு. "வேற ஏதாவது சேக்கணுமா?" என்று கேட்டார். "அவ அப்பா உயிரோட இருக்கற வரைக்கும் அவரை யாரும் அந்த வீட்டிலேர்ந்து எழுப்பக் கூடாது" என்றேன். அதற்கு ஏதோ நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள், வாயில் நுழையவில்லை. வாலுவிடம் சொன்னேன். "இதை எழுதி வச்சாத்தான் எனக்குத் தெரியுமாம்மா?" என்று அழுகிறாள்.

கண்ணாடியை அனுப்ப வேண்டாம். வியாழக்கிழமை வாலு என்னைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். உங்களுக்கு உள்ளறை, எனக்கு முன்னறை. குழாயை இடதுபக்கம் திருப்பி ஒரு தட்டுத் தட்ட வேண்டும், மூடிக்கொள்ளும். சண்டை முடியவில்லை என்று அந்த அதிகாரியிடம் சொல்லியிருக்கிறீர்கள், நான் வந்து மிச்சத்தைப் போடுகிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை. நான் சாப்பிட உட்காரும்போது உங்கள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட வேண்டும். அது இல்லாமல் எதிரில் இருப்பது ஆளா அலமாரியா என்றுகூட உங்களுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அப்படியே என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வீட்டுக்காரி