மேல் பல்லா, கீழ் பல்லா

ஜூன் 17, செவ்வாய்

விடிஞ்சதுல இருந்து தூறல். பல்லு நேத்தைவிட இன்னிக்கு மோசம். வலது பக்கம், கீழ, கடைசிக்கு முந்தினது. கிராம்பு வெச்சாச்சு, உப்புத் தண்ணி கொப்பளிச்சாச்சு, மெடிக்கல்காரன் குடுத்த மாத்திரையும் போட்டாச்சு. ஒண்ணுக்கும் மசியல. ஷிப்ட்ல மெஷின் சத்தத்தோட சேர்ந்து தாடையும் அடிச்சுக்குது.

செல்விகிட்ட சொல்லல. சொன்னா புனேல உக்காந்துட்டு அழுவா. மக பிரியா பிரசவ லீவு முடிஞ்சு ஆபீஸ் போறா, பேத்தியை இவதான் பாத்துக்கணும். பொங்கல் முடிஞ்சு போனவ. "ஒரே மாசம், ஓடி வந்துடுவேன்"னா. அது எந்த ஊரு மாசமோ.

கீழ் வீட்டு அம்மா படியில பாத்துட்டு, "ஊட்டா ஆயித்தா சார்?"னு சாப்பாட்டை விசாரிச்சாங்க. ஆயித்து, ஆயித்து. என்னத்த ஆயித்து, பிரெட்டைப் பால்ல நனைச்சு முழுங்கினேன்.

ஜூன் 18, புதன்

அரை நாள் லீவு. சரஸ்வதிபுரத்துல பல் டாக்டர். சின்னப் பொண்ணு, பிரியா வயசுதான் இருக்கும். எக்ஸ்ரே பாத்துட்டுக் கன்னடத்துல சொன்னா: பிடுங்க வேண்டாம் அங்கிள், ரூட் கெனால் பண்ணிப் பல்லைக் காப்பாத்திடலாம். உள்ள நரம்பு கெட்டுப்போச்சாம். மேல ஓட்டை போட்டு, அதை எடுத்து, கழுவி, மருந்து வெச்சு அடைக்கறது. ரெண்டு தடவை வரணும். அப்புறம் மேல ஒரு கேப். அவ்வளவுதானாம். அவளுக்கென்ன, சொல்லிடுவா.

"கூட யாரு வந்திருக்காங்க?" யாரும் இல்லம்மா. "ஆன்ட்டி?" புனே. "ஹௌதா, அப்படியா"ன்னு ஊசியை எடுத்தா.

ஊசி குத்தறதுதான் சுருக்குன்னுச்சு. அப்புறம் உதடு, பாதி நாக்கு, கன்னம் எதுவும் என்னோடதில்ல. ரப்பர் துணி ஒண்ணைப் பல்லைச் சுத்தி மாட்டி, மெல்லிசு மெல்லிசா கம்பியை விட்டு விட்டுச் சுரண்டினா. சத்தம் மண்டைக்குள்ள. வலி? துளி இல்ல. வீணா இத்தனை நாள் பயந்து செத்தேன். கண்ணை மூடினா செல்வி கைதான். காய்ச்சல் வந்தா சமையலை விட்டுட்டு வந்து நெத்தில வைப்பா, வெங்காய வாசனையோட. அது இப்ப வேணும்னு இருந்துச்சு. அந்த நாற்காலில படுத்துட்டு இதெல்லாம் யாராவது நினைப்பாங்களா.

தற்காலிகமா அடைச்சிருக்கு. அந்தப் பக்கம் மெல்லக் கூடாது. மரத்தது போற வரைக்கும் சூடு கூடாது. நான் கேக்கற ஆளா? வழியில ஒரு காபி. பாதியைச் சட்டை குடிச்சுச்சு.

வீட்டுப் பூட்டைத் திறக்கறேன், செ. போன்.

"ஏனுங்க, பேச்சு ஏன் கொழகொழங்குது? குடிச்சிருக்கீங்களா?"

ஆயுசுல தொட்டதில்ல, எனக்கு இந்தப் பேரு! வேற வழியில்ல, சொல்லிட்டேன். உடனே, "மேல் பல்லுங்களா, கீழ் பல்லுங்களா?"

அது அவ பயம். ஹனூர்ல அவ சித்தப்பாவுக்கு மேல் பல்லைப் பிடுங்கினாங்க, அந்த வருஷமே கண்ணு மங்கிடுச்சு. மேல் பல்லுல கை வெச்சா கண்ணு போயிடும்னு அவங்க வீட்ல அத்தனை பேரும் சாதிப்பாங்க. எந்த டாக்டர் சொன்னாலும் எடுபடாது.

மேலன்னு ஒரு வார்த்தை சொன்னா அடுத்த ரயில்ல ஏறிடுவா. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள அங்க குழந்தை அழுகை.

"கீழ்"னேன்.

"அப்பாடா"ன்னு வெச்சுட்டா. பெரிய யோக்கியன் நான்.

ஜூன் 20, வெள்ளி

வெயில். துணி காஞ்சுது. கடிச்சா மட்டும் லேசா வலி. ரெண்டு மூணு நாள் அப்படித்தான் இருக்கும்னு டாக்டர் சொல்லியிருக்கா.

வாங்க: து. பருப்பு, துணி சோப்பு, மெத்துனு ஒரு பிரஷ்.

செ. போன். வீக்கம் இருக்கா? இல்ல. சாப்பிட்டீங்களா? ஆச்சு. "சரி, நல்லா இருங்க"ன்னு பட்டுனு வெச்சுட்டா. நான் என்ன பண்ணேன் இப்ப? பல்லைக் காப்பாத்திக்கிட்டது ஒரு குத்தமா?

ரசம் வெச்சேன். புளி ஜாஸ்தி. அவ இருந்தா மூஞ்சியைச் சுளிச்சுட்டே ரெண்டு கரண்டி வாங்கிக் குடிச்சிருப்பா. தனியா சாப்பிடப் பிடிக்கல. எழுதவும் பிடிக்கல.

ஜூன் 25, புதன்

மறுபடி மழை. டாக்டர்கிட்ட ரெண்டாவது தடவை. மறுபடி ஊசி. நிரந்தரமா அடைச்சாச்சு, கேப்புக்காகப் பல்லைச் சுத்தி ராவி, பசை மாதிரி ஒண்ணைக் கடிக்கச் சொல்லி அளவும் எடுத்தாச்சு. மேல் பல்லுக்கும் கண்ணுக்கும் சம்பந்தம் உண்டாம்மான்னு கேட்டேன். சிரிச்சா. "நீங்களுமா அங்கிள்? எங்க அத்தையும் இதையேதான் சொல்றாங்க."

மத்தியானம் செ. போன். எல்லாம் முடிஞ்சுது, கேப் மட்டும் பாக்கின்னேன். உடைஞ்சுட்டா.

"அன்னிக்கு நீங்க கீழ்னு சொன்னதும் எனக்கு அழுகையே வந்துடுச்சுங்க."

"ஏண்டி, நல்லதுதானே?"

"என்ன நல்லது? மேலன்னிருந்தா அன்னிக்கே கிளம்பியிருப்பேன். சும்மா எப்படிங்க கிளம்பறது? இவங்களா போயிட்டு வாங்கன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. சொல்லிக்க எனக்கு ஏதாவது ஒண்ணு வேண்டாமா?"

"அப்பாடான்னியே?"

"பக்கத்துல மாப்பிள்ளை நின்னாரு."

எனக்கு என்ன வந்துச்சோ. "காரணம் எல்லாம் ஒண்ணும் இல்ல செல்வி. நீ இல்லாம என்னால முடியல. வா"ன்னுட்டேன். கல்யாணம் ஆனதுல இருந்து இப்படி ஒரு வார்த்தை என் வாயில வந்ததில்ல. வாயும் பாதி மரத்துத்தான் கிடந்துச்சு.

"பாப்பா எழுந்துட்டா"ன்னு வெச்சுட்டா.

அசிங்கமாப் போச்சு. பேத்தி எடுத்த வயசுல இதென்ன பேச்சு. நாலு தடவை வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன்.

சாயங்காலம் பிரியா.

"அப்பா, கண்ணு எப்படி இருக்கு?"

"கண்ணா?"

"அம்மா கட்டில் மேல பெட்டியைத் திறந்து வெச்சு சேலை அடுக்கறாங்கப்பா. என்னம்மான்னா ஒரே அழுகை. மேல் பல்லாமே? கீழ்னுல்ல சொன்னீங்க? நாங்க எப்படியோ சமாளிச்சுக்கறோம், உண்மையைச் சொல்லுங்க. மேலா, கீழா?"

"மேல்தான்மா"ன்னேன்.