என் விரலுக்கு மட்டும் பணிந்த கீபோர்டு

நவம்பர் 4, திங்கள்

இன்று கணினி முன் உட்கார்ந்தேன். எங்கள் பேட்டைச் சங்கத்தில் இருப்பதே ஒன்றுதான். என்னைப் போன்ற பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு எடுக்கும் மஹ்ஜூபா டீச்சர், "பெலைத் மாமா, உங்க பேரை அடிங்க" என்றார். முதல் எழுத்தை அழுத்தினேன். அந்த எழுத்தே வரி முழுக்க ஓடி அடுத்த வரிக்கும் போய்விட்டது.

செயலாளர் தௌஃபீக் சிரித்தான். "ஹாஜி, இது சிமெண்டுத் தரை இல்ல. தொட்டதும் கையை எடுக்கணும்."

நான் மெக்காவுக்குப் போனதில்லை. கிழவன் என்று சொல்ல வெட்கப்பட்டு ஹாஜி என்கிறான். கொத்தனார் விரல் அழுத்தித்தான் பழகியிருக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய?

நவம்பர் 5, செவ்வாய்

தெருச் சாக்கடையின் மூடி உடைந்தே கிடக்கிறது. அதில் கால் இடறி விழுந்த என் மனைவி இஜ்ஜா இன்னும் நொண்டுகிறாள். 14ஆம் தேதி நகராட்சிக் கூட்டம். அதற்குள் மனு போய்ச் சேர வேண்டும். கையெழுத்து மனுவை அங்கே யாரும் படிப்பதில்லையாம், அச்சில் வேண்டுமாம்.

"நகராட்சி வாசல்ல மேசை போட்டு உக்காந்திருக்கானே மனு எழுதுறவன், அவன்கிட்ட சொல்லி வாங்கிட்டு வாங்களேன்" என்றாள் இஜ்ஜா.

"இவ்வளவு நாள் அடுத்தவன் வாயாலதான் பேசினேன். இதை நானே எழுதுறேன்."

"அதுக்குள்ள இன்னொரு காலும் போயிடும்."

ஆனாலும் சிரித்தாள்.

நவம்பர் 7, வியாழன்

சங்கக் கூட்டம் கணினி அறையில். மேசை ஒன்றுதான். தௌஃபீக் தேநீர்த் தட்டைப் பாதி மேசையிலும் பாதி கீபோர்டு மேலும் வைத்து, கூம்பாக வார்த்த சர்க்கரைக் கட்டியைச் சுத்தியலால் உடைத்தான். பிறகு கையை ஆகாயத்துக்குத் தூக்கித் தேநீரை ஊற்றினான். அப்போதுதானே நுரை வரும், பெருமையும் வரும்.

திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. எனக்கு எழுத்தைக் கண்டால் விட முடியாது, கூட்டிக் கூட்டிப் படித்தேன். முதல் வார்த்தை முடிவதற்குள் தௌஃபீக் எதையோ தட்டி அதை மூடிவிட்டான்.

எல்லோரும் போன பிறகு உட்கார்ந்தேன். ஒரு அழுத்து, ஒரு எழுத்து! ஓடவில்லை! என் பெயர் முழுதாக வந்தது. நாலு தரம் அடித்தேன். பிறகு மனுவைத் தொடங்கிப் பாதி வரை வந்தேன். விரல் படிந்துவிட்டது — அப்படித்தானே?

நவம்பர் 8, வெள்ளி

தொழுகை முடிந்து வெளியே வந்தால், பள்ளிவாசல் வாசலிலேயே, ஊரே பார்க்க, தௌஃபீக் கத்துகிறான். "கீபோர்டு செத்துப்போச்சு! கடைசியா தொட்டது யாரு? நீங்கதானே?"

நான் தொட்டேன். அது எழுதியது. செத்ததா எழுதும்?

வீட்டில் ஒரே தட்டில் வைத்த குஸ்குஸ் ரவைச் சோற்றில் ரெண்டு வாய்தான் சாப்பிட்டேன். இஜ்ஜா காய்கறியை என் பக்கம் தள்ளித் தள்ளி விட்டாள்.

நவம்பர் 9, சனி

போனேன். பயந்தவன் என்று சொல்லக் கூடாதல்லவா.

தௌஃபீக் தடதடவென்று அடிக்கிறான், ஒரு எழுத்தும் வரவில்லை. கம்பியைப் பிடுங்கிச் செருகினான். கணினியை அணைத்துப் போட்டான். மொழியைப் பிரெஞ்சுக்கு மாற்றினான், மறுபடி அரபுக்கு மாற்றினான். ஒன்றுமில்லை. "நகருப்பா" என்று நான் அழுத்தினேன். வந்தது! அழகாக வந்தது!

"பாத்தீங்களா! கெழவர் உள்ள என்னமோ பண்ணி வச்சிருக்காரு!"

"என்னடா பண்ணினேன்? எழுதினேன்."

"எழுதப் படிக்கத் தெரியாதவங்க இனிமே இதைத் தொடக் கூடாது."

"எனக்கு இப்ப தெரியும்டா!"

அறையைப் பூட்டிவிட்டான். என் மனு உள்ளே பாதியில் கிடக்கிறது. கோபத்தில் அழுத்தி அழுத்தி எழுதுகிறேன், எழுத்தெல்லாம் கோணல். கோணினால் கோணட்டும்.

நவம்பர் 10, ஞாயிறு

இன்னும் கோபம்.

நவம்பர் 12, செவ்வாய்

மஹ்ஜூபா டீச்சர் சந்தையில் போன் பழுது பார்க்கும் பூஜெம்மாவை அழைத்து வந்தார். என்னையும் வரச் சொன்னார். பூஜெம்மா ரெண்டு விசையைத் தட்டினான், பிறகு ஒன்றை நிதானமாக அழுத்திப் பார்த்தான். தொந்தி குலுங்கச் சிரித்தான்.

"கீபோர்டுக்கு ஒண்ணுமில்ல. இந்த மேல் அம்பு போட்ட ஷிப்ட் விசை இருக்கே, இதைக் கொஞ்ச நேரம் விடாம அமுக்கினா, 'இவருக்குக் கை மெதுவா போகும்போல'ன்னு கணினி நினைச்சுக்கும். அப்புறம் பொறுமையா அழுத்துறவங்களுக்குத்தான் எழுத்து வரும். அப்படி மாத்தவான்னு கேட்டு ஒரு பெட்டி வந்திருக்குமே, படிக்காமலே 'சரி'ன்னு தட்டிட்டீங்களா?"

கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினான். சர்க்கரைத் துணுக்குகள் கொட்டின.

"டீத்தட்டு" என்றார் மஹ்ஜூபா டீச்சர்.

தௌஃபீக் கூரையைப் பார்த்தான்.

பூஜெம்மா அந்த மெதுவான முறையை நிறுத்தினான். தௌஃபீக் தடதடவென்று அடித்தான், வந்தது. நான் அழுத்தினேன் — மறுபடி வரி முழுக்க ஓட்டம்! "அவனுக்குச் சரிபண்ணி எனக்குக் கெடுத்துட்டியேப்பா!" என்று கத்திவிட்டேன்.

"கத்தாதீங்க மாமா. உங்களுக்குத் தனி வாசல் வச்சுத் தரேன்" என்றான்.

இப்போது கணினியைப் போட்டால் திரையில் ரெண்டு பெயர். ஒன்று சங்கம். இன்னொன்று பெலைத். சங்கத்துக்குள் போனால் அவர்கள் வேகம், பெலைத்துக்குள் போனால் என் வேகம். அணைத்துவிட்டு இன்னொரு தரம் போடச் சொன்னேன். அப்போதும் இருந்தது.

சாயங்காலம் வரை உட்கார்ந்து மனுவை முடித்து அச்செடுத்தேன். தௌஃபீக் சாவியோடு வாசலில் காத்திருந்தான். காத்திருக்கட்டும்.

நவம்பர் 13, புதன்

நகராட்சி எழுத்தர் மனுவைப் படித்தார். "யாரு எழுதிக் குடுத்தது, ஹாஜி? நல்லா எழுதியிருக்கான்."

"எழுதியிருக்கான் இல்ல, எழுதியிருக்கேன்."

அவர் நம்பவில்லை. பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். "அப்ப பேரு, தெரு, என்ன விஷயம், எல்லாம் நீங்களே எழுதுங்க, பாப்போம்."

எழுதினேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. "சீக்கிரம் முடிங்க பெரியவரே, பஸ் போயிடும்!" போகட்டும். புள்ளி வேண்டிய ஒவ்வொரு எழுத்துக்கும் புள்ளி வைத்த பிறகுதான் பேனாவைக் கொடுத்தேன்.

முத்திரை குத்தினார்.

நவம்பர் 27, புதன்

சாக்கடைக்குப் புது மூடி வந்துவிட்டது. இஜ்ஜா அதன்மேல் நின்று மிதித்துப் பார்த்தாள். ஆனால் ஓரத்தில் பூசிய சிமெண்டு ஒரே மணல், விரலால் சுரண்டினால் வருகிறது. நகராட்சிப் பணம் என்றால் இப்படித்தான் பூசுவதா?

நாளைக் காலை சங்கத்துக்குப் போகிறேன். முதல் வரி இப்போதே மனதில் தயார்.