இரண்டு விரல் கனம்

அன்பு மகன் ரூபனுக்கு, மேட்டு ஊரிலிருந்து உன் அப்பா ஆமோஸ் சொல்ல, பக்கத்து வீட்டு ஹன்னா எழுதுவது. நான் நலம். இருமல் இருக்கிறது, அது என்னோடுதான் போகும். மான்செஸ்டரில் நீயும் கெசியாவும் குழந்தை டார்கஸும் சுகமாயிருக்கக் கர்த்தர் காக்கட்டும்.

இங்கே மழை விடவில்லை. ஓட்ஸ் பயிர் சாய்ந்துவிட்டது. நான் செய்யும் மரக்கட்டைச் செருப்புக்கு மட்டும் ஆள் வந்துகொண்டிருக்கிறது. சேறு உள்ளவரை எனக்குக் கஞ்சி உண்டு.

நீ சொல்லியனுப்பியதை வண்டிக்கார சைலஸ் சொன்னான். ஆலை டாக்டர் சுவரில் கோடு போட்டிருக்கிறாராம். பிள்ளையின் தலை அதைத் தொட்டால் ஒன்பது வயது என்று சீட்டுக் கொடுப்பாராம், அது இருந்தால்தான் வேலைக்குச் சேர்ப்பார்களாம். "டார்கஸ் செருப்புக்கு அடிக்கட்டை ரெண்டு விரல் கனம் கூட வெச்சுடுங்கப்பா, பாவாடை மறைச்சுக்கும்" என்றாயாம். சைலஸ் வேறு, "பேத்திக்கு ஒரே நாள்ல ரெண்டு வயசு ஏத்துறீங்களாமே பெரியவரே, எனக்கு ரெண்டு வயசு குறைச்சு ஒரு ஜோடி செய்யுங்க" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நூற்பாலைக்குள் பிள்ளைகளுக்கு வெறுங்கால்தான், ரூபன். எண்ணெய்த் தரையில் கட்டை வழுக்கும் என்று வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள். டாக்டர் பார்த்த ஒன்பது வயது வாசலில் கிடக்கும். உள்ளே போவது ஏழு வயது.

உன் அத்தை மெர்சியைப் பற்றி நான் பேசியதில்லை. நூல் சுற்றும் நீளச் சட்டம் முன்னே ஓடித் திரும்புவதற்குள் அதன் அடியில் தவழ்ந்து பஞ்சுத்தூசி பொறுக்குவது சின்ன வயதில் எங்கள் இருவர் வேலை. அவள் நின்றபடியே தூங்குவாள். மேஸ்திரி அவளைத் தலைகீழாகத் தண்ணீர்த் தொட்டியில் முக்கியெடுத்து, "என்ன மகாராணி, முழிப்பு வந்துச்சா? போ, போ உள்ள" என்பான். அன்றும் ஈரத்தலையோடு போனாள். பஞ்சு மெத்தென்று இருந்திருக்கும். அங்கேயே கண்ணயர்ந்துவிட்டாள். சட்டம் திரும்பி வந்தது. மேஸ்திரி முதலில் அறுந்த நூலைத்தான் பார்த்தான்.

உன் கஷ்டம் தெரியாமல் சொல்லவில்லை. உன் கைத்தறி இப்போது ரொட்டி போடுவதில்லை. கெசியாவுக்கும் மாசம் நெருங்குகிறது.

கேட்ட செருப்பைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் வைக்கிற கனம்தான். மேடேறத் தோதாக இருக்கும்.

சனிக்கிழமை சைலஸ் திரும்பும்போது டார்கஸை ஏற்றிவிடு. இங்கே கஞ்சி தண்ணியாயிருக்கும், ஆனால் இருக்கும். கெசியா கோபப்பட்டால் என்னைத் திட்டிக்கொள்ளட்டும். பதில் எழுதாதே, பிள்ளை வந்தால் அதுவே எனக்குப் பதில்.

கர்த்தர் உன் வீட்டைத் தாங்கட்டும். எந்த மழையானாலும் பாலத்தண்டை நின்றிருப்பேன். வண்டியில் மூட்டைகள் மட்டும் வந்தால், சைலஸிடம் நான் என்ன கேட்பது, மகனே?

ஹன்னாவின் எழுத்துக்குக் கீழே, கையெழுத்தாக என் சிலுவைக் குறி,
ஆமோஸ்