உன் பசி எனக்கு இப்போதுதான் புரிந்தது, அக்கா

நுழைகிற வீட்டையெல்லாம் நிறைத்துவிடும் என் மல்லிகா அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை மைசூர் மேட்டகள்ளியில் உன் வீட்டிலேயே வருஷப் படையல் வைத்தோம். அண்ணனும் அண்ணியும் நம் ஊர் ராமாபுரத்திலிருந்து முதல் நாளே வந்துவிட்டார்கள். அன்றைக்கு நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் உடம்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் இளைத்துவிட்டேன் அக்கா. ஏதோ கொஞ்சம் வற்றியது மாதிரி இல்லை, ஆளே மாறிவிட்டேன். தேவராஜ் மார்க்கெட்டில் எதிரே வந்தால் நீயே என்னைத் தாண்டிப் போய்விடுவாய். நம் இரண்டு பேருக்கும் ஒரே அளவு என்று ஒரு ஜாக்கெட்டைத்தானே தையல்காரரிடம் கொடுத்துவிட்டு வருவோம்? போன மாதம் அதைப் போட்டுப் பார்த்தேன். உள்ளே இன்னொரு ஆளைக் குடிவைக்கலாம்.

எப்படி என்று கேட்கிறாயா? ஊசி. வாரத்துக்கு ஒன்று. பேனா மாதிரி இருக்கும், வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து நானே போட்டுக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஊசி போட வந்த நர்சைப் பார்த்துச் சோளக்காட்டுக்குள் ஓடி ஒளிந்த அதே செல்விதான். அன்றைக்கு என்னைத் தேடிப் பிடித்து, கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நீ. இப்போது யாரும் பிடிக்கத் தேவையில்லாமல் போட்டுக்கொள்கிறேன் என்று சொன்னால் நம்புவாயா?

நீ தூக்கத்திலேயே போன பிறகு எனக்குப் பயம் வந்துவிட்டது. சர்க்கரை ஏறிக்கொண்டே இருந்தது. புடவைக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தால் முழங்கால் இரண்டும் என்னோடு பேசாது. உன் மாப்பிள்ளைத் தம்பிதான், அதாவது என் வீட்டுக்காரர், கட்டாயப்படுத்தி டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார். அந்த அம்மா ரத்தமெல்லாம் பார்த்தார், உன்னைப் பற்றியும் நம் அம்மாவைப் பற்றியும் கேட்டார். நான் வழக்கம்போல, நான்தான் வாயைக் கட்டுவதில்லை என்று ஆரம்பித்தேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இது நிம்ம தப்பல்லம்மா" என்றார். உங்கள் தப்பில்லை என்று ஒரு டாக்டர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. உனக்கு ஒருவர்கூடச் சொன்னதில்லையே, அக்கா.

முதல் மாதம் படாத பாடு பட்டேன். குமட்டல், வாந்தி, அழுகின முட்டை நாற்றத்தோடு ஏப்பம். என் வீட்டுக்காரர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். "டிவியை நீயே பாரு, நான் நியூஸைத் தெருவுலயே கேட்டுக்கறேன்" என்றார். இரண்டு வாய் தயிர்ச்சோறு இறங்கினால் பெரிய விஷயம். டாக்டரம்மா அளவைக் கூட்டாமல் நிறுத்தி வைத்து, மெல்ல மெல்லத்தான் ஏற்றினார். முடி கொஞ்சம் கொட்டியது. கன்னம் தொங்கிப் போய், தெரிந்தவர்கள் எல்லாம் உடம்புக்கு ஏதும் பெரிய வியாதியா என்று என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

அதற்கப்புறம் ஒரு சாயங்காலம். கடையிலிருந்து நடந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது, மிளகாய் பஜ்ஜி வண்டியை நான் தாண்டி வந்துவிட்டேன் என்று. நிற்கவில்லை, நிற்கக்கூடாது என்று எனக்கு நானே சண்டை போடவும் இல்லை. வண்டி இருந்ததே நினைவில்லை. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தலைக்குள் ஒரு பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் சாப்பிட்டுக் கை கழுவும்போதே மதியத்துக்கு என்ன என்று கேட்கும். டப்பாவில் முறுக்கு இருந்தால் அது காலியாகும்வரை அந்தப் பேச்சு ஓயாது. வயிறு நிறைந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எல்லாருக்கும் அப்படித்தான், மற்றவர்கள் அடக்கிக்கொள்கிறார்கள், நான்தான் தின்னிப் பண்டாரம் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் தலைக்குள் சத்தமே இல்லை. ஒல்லியாக இருப்பவர்கள் எல்லாரும் பிறந்ததிலிருந்து இந்த அமைதிக்குள்ளேயே இருக்கிறார்களா?

அப்போது உன் நினைப்பு வந்தது. ஒருநாள் நீ அடுப்படியில் சாம்பாரைக் கிளறிக்கொண்டே கேட்டாய்: "செல்வி, எனக்கு மட்டும் ஏன்டி எந்நேரமும் மனசு சோத்து மேலயே இருக்குது?" நான், "எனக்குந்தாங்க்கா" என்றேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு வடையை எடுத்தோம். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச நம்மிடம் வார்த்தை இல்லை.

ஆனால் என்னையும் உன்னையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. நான் என் உடம்பைச் சுருக்கிச் சுருக்கியே வாழ்ந்தவள். போட்டோ எடுத்தால் பின்வரிசைக்கு ஓடுவேன். நீ அப்படியா? கொள்ளேகால் பஸ்ஸில் கண்டக்டர் உன்னைப் பார்த்து, "அம்மா, ஸ்வல்ப ஜருகி" என்றான், கொஞ்சம் நகரச் சொல்லி. நீ அசையாமல், "நானு ஜருகிதரெ பஸ்ஸே ஜருகுத்தப்பா" என்றாய். நீ நகர்ந்தால் பஸ்ஸே நகர்ந்துவிடும் என்றதும் பஸ் முழுக்கச் சிரித்தது, அந்தக் கண்டக்டரும் சிரித்தான். நான்தான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன்.

ஆஷாட மாத வெள்ளிக்கிழமைகளில் சாமுண்டி மலைப் படியில் குனிந்து குனிந்து, படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டே ஏறுவாயே. என்னால் பாதிகூட முடியாது. ஒல்லிக் குச்சியாக இருக்கிற பெண்கள் எல்லாம் ஓரமாக உட்கார்ந்து மூச்சு வாங்குவார்கள். நீ வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் பொட்டு வைப்பாய். அந்தக் கால்களை, அந்த மூச்சை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

எல்லாவற்றையும்விட, நீ பார்த்த வேலையை நினைத்துத்தான் மலைத்துப் போகிறேன். பெண்கள் விடுதியில் சமையல். விடிவதற்கு முன்னால் அடுப்பைப் பற்றவைத்தால் இரவு வரைக்கும் சித்திரான்னம், தோசை, பொரியல் என்று சாப்பாட்டுக்கு நடுவிலேயே நின்றாய். தலைக்குள் அந்தப் பேச்சை வைத்துக்கொண்டு நின்றாய். கடைசிப் பெண் சாப்பிட்டுத் தட்டைக் கழுவும்வரை நீ உட்கார்ந்ததில்லை. பரீட்சை முடிந்து யாராவது தாமதமாக வந்தால் உன் பங்கை எடுத்து அவளுக்கு வைத்துவிட்டு ஒரு டம்ளர் மோரோடு நிறுத்திக்கொண்டாய். பசியே இல்லாத நான் இன்றைக்குக் கடைசியாகச் சாப்பிடுவதில் ஒரு பெருமையும் இல்லை. நீ அவ்வளவு பசியோடு கடைசியாக உட்கார்ந்தாய்.

இளைக்கவும் நீ முயலாமல் இல்லை. கொள்ளுத் தண்ணீர் குடித்தாய். ஒரு மார்கழி முழுக்கச் சோற்றைத் தொடவில்லை. இறங்கியது, பிறகு வட்டியோடு ஏறியது. திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தாய். மனசு வைத்தால் முடியாதா என்று உன்னிடம் கேட்ட அத்தனை பேரும் மனசு வைக்காமலே ஒல்லியாக இருந்தவர்கள். இந்த ஊசி உன் காலத்தில் உன் கைக்கு வந்திருந்தால் போட்டுக்கொண்டிருப்பாயா? இல்லை, "போடி, என் உடம்பு உனக்கா பாரம்?" என்று கேட்டிருப்பாயா? இரண்டையும் நீ சொல்லக்கூடியவள்தான்.

எனக்கு இப்போது கிடைக்கிற மரியாதையைப் பார்த்தால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். புடவைக் கடையில் இத்தனை வருடமாக நான் மாடியில் படுக்கை விரிப்புப் பக்கம்தானே? இப்போது கீழே பட்டுக்கு மாற்றிவிட்டார்கள். புடவையை என் தோளில் போட்டுத்தான் காட்டச் சொல்கிறார்கள். எப்படி இளைத்தாய் என்று எல்லாரும் கேட்கிறார்கள். குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றி நடந்தேன், ராத்திரி களியை விட்டேன் என்று சொல்லி வைத்திருந்தேன். ஊசி என்றால், ஓ, அப்படியா என்று முகம் மாறிவிடும் அல்லவா? டாக்டரம்மாவுக்கும் என் வீட்டுக்காரருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. ஊசியை ஃப்ரிட்ஜில் கொத்துமல்லிக் கட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன்.

இப்போது படையலுக்கு வருகிறேன். ராகிக் களி, நாட்டுக்கோழிக் குழம்பு, பிதுக்குப் பருப்பு, மைசூர்பாக் என்று உனக்குப் பிடித்ததெல்லாம் உன் மகள் திவ்யா பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். காக்கைக்கு வைத்தபின், படைத்த இலையில் கூடப்பிறந்தவள் உட்கார வேண்டும். மிச்சம் வைக்கக்கூடாது; வைத்தால் போனவர் பசியோடு திரும்புவார் என்பார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? எப்போதும் போல் சனிக்கிழமை காலையில் ஊசியைப் போட்டுக்கொண்டேன். மறுநாள் உன் இலையில் உட்கார வேண்டியவள் நான்தான் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

மூன்றாவது வாய்க்கு மேல் இறங்கவில்லை. களி முழுசாக இருக்கிறது, குழம்பு இருக்கிறது, எல்லாரும் சுற்றி நின்று பார்க்கிறார்கள். வியர்த்துக் கொட்டியது. அழாத குறையாக அண்ணனை நிமிர்ந்து பார்த்தேன்.

அண்ணன் என் தலையில் கை வைத்தார். "விடு அம்மிணி, போதும். பாத்தீங்களா, வாயக் கட்டறதுன்னா இதுதான். இதுல பாதி மல்லிகாளுக்கு இருந்திருந்தா, இன்னைக்கு இந்த எலையே போட்டிருக்க மாட்டோம்" என்றார். குரல் உடைந்துவிட்டது. அவர் உன்னைக் குறை சொல்லவில்லை, அக்கா. உன்னை இழந்ததைத் தாங்க முடியாமல் பேசினார். ஆனால் எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். திவ்யா குழம்புப் பாத்திரத்தோடு சுவர் ஓரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உன் தோள், உன் கை, உன் உடம்பு அப்படியே அவளுக்கு. தன் அம்மா நாக்கை அடக்கத் தெரியாமல் செத்தாள் என்று உன் மகள் உன் படத்துக்கு முன்னாலேயே கேட்டுக்கொண்டு நிற்கிறாள். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"நான் வாயக் கட்டலீங்கண்ணா" என்றேன். "வாரம் ஒரு ஊசி போட்டுக்கறேன். டாக்டர் எழுதிக் குடுத்தது. பசியே எடுக்கறதில்ல. அதான் எறங்க மாட்டேங்குது."

"ஊசியா?" என்றார் அண்ணன்.

"ஆமாங்க. பசி இல்லாதவ எலைய உட்டு எந்திரிக்கறதுல என்னங்க கெட்டிக்காரத்தனம் இருக்குது? அக்காளுக்கு நாளெல்லாம் பசி. அது அவ செஞ்ச தப்பில்ல, அவ உடம்பு அப்படி. அந்தப் பசியோட ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் ஆக்கிப் போட்டுட்டுத்தான் அவ உக்காந்தா. நம்ம ஊட்டுல வாயக் கட்டுனவன்னு சொன்னா அவ ஒருத்திதானுங்க."

அண்ணிதான் முதலில் வாயைத் திறந்தார். "ஏனம்மிணி, நடந்து எளச்சேன்னு சொன்னியே. அதக் கேட்டுட்டு நானு ஊருல ஏரிக்கரையச் சுத்தி சுத்தி வந்தனே." அந்த நிலையிலும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

திவ்யா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். உனக்குத்தான் தெரியுமே, மனசு நிறைந்துவிட்டால் அவளுக்குக் கன்னடம்தான் வரும். "சித்தி, ஏளி. அம்மன எலெகெ நானு கூத்கோத்தீனி" என்றாள். நான் எழுந்தேன். அம்மாவின் இலையில் அவள் உட்கார்ந்தாள்.

நாலு பேர் இருக்கிற இடத்தில் அந்தப் பெண் ஒழுங்காகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு போதும் என்று எழுந்துவிடுவாள். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிடுவாள். நானும் அப்படியே வாழ்ந்தவள் என்பதால் எனக்குத் தெரியும். அன்றைக்கு எல்லார் முன்னாலும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து, அவசரப்படாமல் சாப்பிட்டாள். இலை காலியானதும் நிமிர்ந்து, "மாமா, இன்னொரு உருண்டை வைங்க" என்றாள்.

அண்ணனே போய் எடுத்து வந்தார். களியை வைத்து, நடுவில் குழி பண்ணி, குழம்பை ஊற்றினார். பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "மெதுவாத் தின்னு சாமி" என்றார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. உன் இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை, அக்கா.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஊசியை நான் விடப்போவதில்லை, நான் வாழ வேண்டும். ஆனால் இனி யார் கேட்டாலும் ஊசி என்றே சொல்வேன், பட்டுப் பக்கம் நின்றுகொண்டும் சொல்வேன். திவ்யா டாக்டரம்மாவைப் பார்க்கலாமா என்று என்றைக்காவது அவளாகக் கேட்டால் கூடப் போவேன். கேட்காவிட்டால் அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று நானும் பார்க்கமாட்டேன், என் எதிரில் வேறு யாரையும் பார்க்க விடமாட்டேன். அவள் அம்மா எவ்வளவு உறுதியானவள் என்று, நான் இருக்கும்வரை, அவளுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

உனக்கு அடுத்துப் பிறந்த தங்கை,
செல்வி