நாலாக் கரையில் இருந்தவர்கள்

1981 பிப்ரவரி 8, ஞாயிறு

நாளை முதல் ஜனத்தொகைக் கணக்கெடுப்பு. பள்ளிக்கூடத்தில் டீச்சர்களுக்குப் பகுதி பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு எங்கள் தெரு, அடுத்த இரண்டு தெருக்கள், பின்னால் நாலாக் கரையில், அதாவது சாக்கடைக் கால்வாயின் ஓரத்தில், இருக்கும் குடிசைகள். "அலையாம முடிஞ்சிடும்" என்றார் இவர். டெல்லிக்கு, இந்த ஜனக்புரிக்கு வந்து ஆறு வருடமாகிறது. அக்கம்பக்கத்தில் யார் யார் இருக்கிறோம் என்று இப்போதுதான் தெரியப் போகிறது.

பிப்ரவரி 11

எதிர்வீட்டுப் பெரியவரிடம் பிறந்த ஊர் கேட்டேன். "லாயல்பூர்" என்றார். பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போய்விட்ட ஊர். வீட்டில் பஞ்சாபி பேசுகிற அவருடைய மகன் தாய்மொழிக்கு "ஹிந்தி லிக்கோ", ஹிந்தி என்றே எழுது என்கிறான். மாடியில் வங்காளிகள், கோடியில் ஒரு மலையாள நர்ஸ், நடுவில் நாங்கள்.

எங்கள் வீட்டுக் கணக்கை எழுதும்போது மகள் ருக்மிணி, "எனக்கு ஹிந்தின்னே போடும்மா. தமிழ் படிக்கவா தெரியுது எனக்கு?" என்றாள். தமிழ் என்றுதான் போட்டேன். பொய்யா அது? தெரியவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

குடிசைகளுக்குப் போனேன். என் தலையைக் கண்டதும் சாக்குப் படுதாக்கள் இறங்கின. தமிழில் கூப்பிட்டும் யாரும் வரவில்லை. கடைசியில் வேலம்மாள் என்பவள் வந்தாள். சித்தாள் வேலை. நாங்கள் குடியிருக்கும் ஃப்ளாட்டுகளுக்கு மண் சுமந்தவளாம்.

"போன தடவ கரோல் பாக் பக்கம் இருந்தோம்மா. இப்பிடித்தான் நோட்ட எடுத்துக்கிட்டு வந்து எழுதிட்டுப் போனாங்க. பின்னாலயே புல்டோசர் வந்துச்சு. நீங்க எழுத வேணாம். நாங்க இல்லன்னு போட்டுக்குங்க."

இது வெறும் கணக்கு, இதனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்றேன். அவள் நம்பவில்லை. "நான் பின்னால வீட்லதான் இருக்கேன். நான் பொறுப்பு" என்றேன். அதற்குப் பிறகுதான் படுதாக்கள் உயர்ந்தன. விருத்தாசலம், சேலம், கள்ளக்குறிச்சி. ஒவ்வொருவராக வந்து பேர் சொன்னார்கள். இவ்வளவு தமிழ் இத்தனை பக்கத்தில் இருந்திருக்கிறது. நான் ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தேன், நாற்றம் என்று.

பிப்ரவரி 17

சாப்பிடும்போது இவர் கேட்டார்: "அங்க மொத்தம் எத்தனை குடிசை? எத்தனை பேர்?"

"அதை வெளியில சொல்லக்கூடாது. சட்டம்."

"எனக்குமா?"

அப்புறம்தான் விஷயம் வந்தது. குடிசைகளை அகற்றச் சொல்லி, குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் ஜனவரியிலேயே மனு போயிருக்கிறது. செயலாளர் இவர்தானே. இவரே எழுதியிருக்கிறார். "கொசு, திருட்டு, நாத்தம். நம்ம பசங்களுக்கு விளையாட ஒரு பார்க் வேண்டாமா?" கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. அதுதான் பயமாயிருக்கிறது.

மனுவைத் திரும்ப வாங்கச் சொன்னேன். "தனியா நான் எப்படி வாங்க முடியும்? எல்லாரும் கையெழுத்துப் போட்டது" என்றார்.

வேலம்மாளிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. அவ்வளவு சீக்கிரம் வரமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிப்ரவரி 26

உடைத்துவிட்டார்கள். நான் பள்ளியிலிருந்து வரும்போது தகரமும் மூங்கிலும் குவியலாகக் கிடந்தன. ஒருத்தரும் இல்லை. ஐயோ, நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்றல்லவா நினைப்பார்கள்.

மார்ச் 1, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். கட்டி முடியாத ஃப்ளாட்டுகளின் கீழ்த்தளத்தில், சுவரில்லாத இடத்தில் இருக்கிறார்கள். வீடில்லாதவர்கள் என்ற பிரிவில் எழுதப் போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வேலம்மாள் மட்டும் கேட்டாள்.

"இப்ப எந்த வூட்டு நம்பரும்மா போடுவீங்க?"

இது நான் செய்ததல்ல என்றேன். யார் செய்தது என்றும் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. எங்கள் பின்கட்டில் வந்து இருக்கச் சொன்னேன்.

"ஒங்க வூட்டுல வந்து படுக்க எடம் கேக்கலம்மா. ஆறு வருசமா இங்கதான் இருந்தோம்னு நிரூபிச்சா வேற எடத்துல மனை தராங்களாம். எங்ககிட்ட ஒரு காயிதமும் இல்ல. நீங்க கண்ணால பாத்தவங்க. மனை குடுக்குற ஆபீசுக்கு வந்து வாயால சொல்லுங்க. அது போதும்."

மார்ச் 4

போனால் இவருக்கு எதிராகப் போனதாகும். போகாவிட்டால்?

மார்ச் 9

போனேன். லீவு போட்டுவிட்டு, வேலம்மாளோடும் அவள் புருஷன் அய்யாசாமியோடும் பஸ்ஸில் போனேன். கணக்கெடுப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. அங்கே குடியிருப்பவள் என்ற முறையில், நாங்கள் குடிவந்த நாளிலேயே இவர்கள் இருந்தார்கள் என்று ஹிந்தியில் சொன்னேன். அதிகாரி ஃபைலைப் புரட்டினார்.

"சங்கத்துச் செயலாளர் பாலசுப்ரமணியம் உங்களுக்கு யார்?"

"என் வீட்டுக்காரர்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

மார்ச் 10

அதற்குள் இவர் காதுக்குச் செய்தி வந்துவிட்டது. "என்னைப் பத்தி அந்த ஆபீஸ்ல என்ன நினைப்பாங்க, சாந்தா?" அவ்வளவுதான் கேட்டார். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். சங்கத்துப் பெண்கள் பால் பூத்தில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள்.

மார்ச் 22

பேசுவதில்லை. ருக்மிணி எங்கள் இருவருக்கும் நடுவே, "அப்பா காபி கேக்கறார்", "அம்மா சாவி கேக்கறா" என்று போய்வருகிறாள். எல்லாம் ஹிந்தியில்.

ஏப்ரல் 19

மனை கொடுத்திருக்கிறார்கள், டெல்லியின் கோடியில், நாங்ளோய் தாண்டி. எல்லோருக்கும் இல்லை. பாதிப் பேருக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் எங்கே போனார்கள் என்று வேலம்மாளுக்கே தெரியவில்லை. லாரியில் ஏறும்போது அவள் என்னைப் பார்த்துக் கை ஆட்டினாள். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ஆட்டவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

நாலாக் கரையில் வேலி போட்டாகிவிட்டது. பார்க்குக்கு இன்னும் புல் வரவில்லை. வெயிலில் மண் பறக்கிறது.

காலையில் கதவு தட்டும் சத்தம். இவர் திறந்தார். வேலம்மாள். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். என்னைத் தேடி என்று நினைத்து எழுந்து வந்தேன். அவள் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு இவரிடம்தான் பேசினாள்.

"சார், அங்க தண்ணி இல்ல. டேங்கர் வந்தா வருது, இல்லன்னா இல்ல. நாங்க எத்தினியோ வாட்டி போய்ச் சொல்லிட்டோம், யாரும் காதுல வாங்கல. நீங்க எழுதுனா ஆளு வருவாங்க. அது எங்களுக்குத் தெரியும். ஒரு மனு எழுதிக் குடுங்க."

அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் இவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். கதவைப் பிடித்திருந்த கையை எடுத்தார். பிறகு உள்ளே வழிவிட்டு, மேஜை மேலிருந்த பேப்பரை ஒதுக்கி, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா."

அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லத் தொடங்கினாள். இவர் எழுதினார்.