முந்தியில் ஒரு பல்

காஞ்சிபுரம்
18-1-1971

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் தறியும் சுகம். சேலைக்கு டிசைன் போட்ட உங்கள் கை இன்று சர்க்கார் உத்தியோகத்தில் எலும்பு வரைகிறது என்று தெருவுக்கே பெருமை. எனக்கில்லை. மூன்று பக்கக் கடிதத்தில் இரண்டரைப் பக்கம் ஏதோ செத்த விலங்கின் பல். பசுவும் பன்றியும் பிறப்பதற்கு முன்பே திரிந்த குளம்புக்கால் பிராணியாம், பூனையளவாம், இப்போது இனமே இல்லையாம். மீதி அரைப் பக்கம் அதைக் கண்டெடுத்த கமலாட்சி. கட்டின பெண்டாட்டியைச் சுகமா என்று கேட்க இடமில்லை.

யார் அந்த அம்மாள்? எனக்கு வயிறு எரிகிறது. மறைக்க மாட்டேன்.

கலாவதி

ஜம்மு முகாம்
2-2-1971

அன்புள்ள கலாவதிக்கு,

அசடே, கமலாட்சி இங்கே ஆராய்ச்சி அதிகாரி. அவர் தோண்டி எடுப்பதை நான் வரைகிறேன், அவ்வளவுதான். ஐந்து கோடி வருஷத்துப் பல் அது! உலகத்திலேயே இந்த ஒன்றுதான் கிடைத்திருக்கிறது.

ஓர் உதவி. அந்தப் பல்லை முந்தியில் வைத்து ஒரு பட்டுச்சேலை வேண்டுமென்று அவர் ஆசைப்படுகிறார். கிராஃப் தாளில் டிசைன் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். தறியில் டிசைன் விழுவதற்கான அட்டை குத்தக் கொடுத்து, நீயே நெய்து அனுப்பு. உன் கைக்கு ஈடு யார்? அரக்கு நிறம் அவருக்கு எடுக்கும்.

வேலாயுதம்

காஞ்சிபுரம்
11-2-1971

மாமாவுக்கு,

நெய்கிறேன். அவருக்கு அரக்கு எடுக்கும் என்று பார்த்து வைத்திருக்கிறீர்களே, எனக்கு எது எடுக்கும்? எழுதுங்கள்.

கலாவதி

ஜம்மு முகாம்
6-3-1971

அன்புள்ள கலாவதிக்கு,

உனக்கு எல்லா நிறமும் எடுக்கும். பங்குனி உத்திரத்துக்கு லீவு கிடைக்கவில்லை. சேலை எந்த மட்டில் இருக்கிறது? கமலாட்சி தினமும் கேட்கிறார்.

வேலாயுதம்

காஞ்சிபுரம்
12-4-1971

அன்புள்ள மாமாவுக்கு,

சேலை தறியிலிருந்து இறங்கிவிட்டது. அரக்குதான்.

புது டிசைனில் முதல் சேலை, வரைந்தவன் பெண்டாட்டிக்கு. நம் வீட்டு வழக்கம் இது. கல்யாணத்தன்று உங்கள் அம்மாவே எனக்குச் சொன்னது. பல் வரைந்த மும்முரத்தில் நீங்கள் மறந்துவிட்டீர்கள். நான் மறக்கவில்லை. உத்திரத்தன்று ஏகாம்பரநாதர் கோயிலுக்கு நானே கட்டிக்கொண்டு போனேன். எதிர்வீட்டு அன்னம்மாள் முந்தியைப் பிடித்துப் பார்த்து, "இன்னா பூவும்மா இது? எங்கியும் பாத்ததே இல்லியே" என்றாள்.

"பூ இல்லக்கா, பல்லு. எங்கூட்டுக்காரரு வரைஞ்சி அனுப்சாரு" என்றேன். அவள் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

கிராஃப் தாளையும் அட்டைகளையும் அடுப்பில் போட்டுவிட்டேன். இனி இதுவும் உலகத்தில் ஒன்றுதான். அது என்னிடம் இருக்கிறது. அந்த அம்மாளுக்கு வேண்டுமென்றால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். உங்களுக்கு வேண்டுமென்றால் ரயில் ஏறி வந்தால் போதும்.

கலாவதி